மஞ்சள் போயா

எங்கள் மாமாவின் மீன்வாடியில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்தது 2011 இல், தெற்கிலிருந்து சோளகக் காற்று வீசுகிற காலத்தில். அதுவரை அரிக்கன் லாம்பும், பற்றரி வீங்கிப்போன ஒரு ரோச்லைட்டும்தான். பள்ளிக்கூட விடுமுறைக்குத் திருகோணமலைச் சல்லிக் கரைக்குப் போனபோது பார்த்தேன். கிடுகுக் கூரைக்கு மேலே நைலோன் கயிறால் வரிந்து கட்டிய ஒரு சோலார் தகடு. கீழே ஒரு பழைய கார் பற்றரி. அதிலிருந்து இழுத்த வயரில் ஒரு குட்டி பல்ப். வலை பொத்துகிறவர்கள் அந்த வெளிச்சத்தில் இரவு பத்து மணி வரைக்கும் இருந்து பொத்தினார்கள். மாமா வானொலியும் கேட்டார்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. எதையும் புரட்டிப் பார்க்கிற வயது. ஏறித் தகட்டைப் புரட்டினேன். அலுமினியச் சட்டத்தின் ஓரத்தில் தடிப்பான மஞ்சள் பெயின்ற் ஒட்டியிருந்தது. நான்கு மூலையிலும் ஆணியைக் கிரைண்டரால் அறுத்ததுபோல இல்லை, சுத்தியலால் அடித்து முறித்ததுபோல இருந்தது. கண்ணாடியின் ஒரு மூலையில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு.

"எங்க வாங்கினீங்கள் மாமா?"

"வாங்கேல்ல மருமோன். கடல்ல கிடந்தது. செத்த போயா ஒண்டு. ஆருமில்லாமக் கிடந்தது."

இலங்கையில் வளர்ந்த பிள்ளைக்குப் போயா என்றால் பௌர்ணமி விடுமுறை. கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்கு அதே சொல்லில் இன்னொன்றும் உண்டு: வலைக்கும் நங்கூரத்துக்கும் அடையாளமாக மிதக்கிறது. செத்த போயா என்று அவர் சொன்னதும், நான் என்னவோ அமாவாசையைத்தான் நினைத்தேன். அவர் அப்போது கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து பலநாள் கலத்தில் போய்வந்துகொண்டிருந்தார். கிழக்கே எத்தனை நாள் ஓடினார்கள், எந்த இடத்தில் கண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பல்ப் எரிவதுதான் முக்கியமாக இருந்திருக்கும்.

இப்போது நான் உப்புவெளியில் வீட்டு முன்னறையில் இருந்து கணினியில் காற்றுத் தரவு பார்த்துச் சம்பாதிக்கிறவன். வெளிநாட்டுக் கடல்களில் காற்றாலை நடுமுன் காற்றை அளக்க மிதக்கவிடுகிற மிதவைகள் அனுப்புகிற எண்களில் எது நம்பத்தக்கது, எது குப்பை என்று பிரித்துக் கொடுப்பது வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பயிற்சிக்காக ஒரு மிதவையின் படங்களை அனுப்பினார்கள். மஞ்சள் உடல், ஒரு சின்னக் கம்பம், சுற்றிவரச் சோலார் தகடுகள். ஒரு படத்தில் தகடு பொருத்தும் சட்டத்தை நெருக்கமாக எடுத்திருந்தார்கள். நான்கு மூலையிலும் ஆணி. கொஞ்ச நேரம் எழுந்துபோய் வெளியில் நின்றுவிட்டு வந்தேன்.

மாமா கொண்டுவந்தது காற்றாலைக்கான மிதவையாக இருக்க முடியாது. 2011 இல் அப்படியொன்று இந்தப் பக்கம் இல்லை. வங்காள விரிகுடாவில் அப்போது நின்றவை வானிலை, கடல்நிலை பார்க்கிற மிதவைகள். சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் போட்டவை சில. பல நாடுகள் சேர்ந்து பருவக்காற்றை ஆராயப் போட்ட வலையமைப்பு இன்னொன்று. அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம் "ராமா". இராவணன் வெட்டு இருக்கிற ஊர்க்காரனுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வராமல் இருக்குமா? ராமருடைய மிதவையில் இருந்து தகடு எடுத்து வந்து எங்கள் பக்கத்தில் விளக்கெரித்தோம் என்று கதை கட்டலாம். எந்த மிதவை என்று நான் தேடிப் பார்க்கவில்லை. தேடாமல் விட்டதும் வேண்டுமென்றுதான்.

அந்தப் பழைய மிதவைகளும் காற்றை அளப்பவைதான். ஆனால் கடல்மட்டத்திலிருந்து மூன்று, நான்கு மீற்றர் உயரத்தில். அதாவது படகில் எழுந்து நிற்கிற மாமாவின் தலைக்குக் கொஞ்சம் மேலே. அவருக்கும் அந்த மிதவைக்கும் தெரிந்த காற்று ஏறக்குறைய ஒன்றே.

காற்றாலைக்கு அந்தக் காற்று போதாது. இன்றைய கடற்காற்றாலைகளின் அச்சு கடலுக்கு மேலே 150 மீற்றர் அளவில் சுழல்கிறது. அங்கே என்ன வேகம் என்பதைக் கீழே அளந்ததிலிருந்து கணக்குப் போட்டு ஊகிக்கலாம். அதற்கு ஒரு சூத்திரம் உண்டு, உயரத்தோடு காற்று எவ்வளவு கூடும் என்பதை ஓர் அடுக்கெண்ணால் சொல்வது. தரையில் பொதுவாக 0.14 என்று வைப்பார்கள், கடலில் 0.11 என்று வைப்பவர்கள் உண்டு. நான்கு மீற்றரில் செக்கனுக்கு 6 மீற்றர் வீசினால், 0.11 வைத்தால் 150 மீற்றரில் ஏறக்குறைய 9 வரும். 0.14 வைத்தால் 10. ஒன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் காற்றில் இருக்கிற ஆற்றல் வேகத்தின் முப்படியோடு, அதாவது வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில், கூடுவது. அந்த ஒரு மீற்றர், ஆற்றல் கணக்கில் முப்பத்தேழு சதவீதத்துக்கு மேலாகி நிற்கும். பல கோடி டொலர் கடன் கொடுக்கிற வங்கி இப்படிப்பட்ட ஊகத்தை வைத்துக் கையெழுத்துப் போடாது.

அதுவும் அந்தச் சூத்திரம் எங்கள் ஊர்க் காற்றுக்குச் சரிவருமா என்பதே சந்தேகம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது சூடாகி, காய்ந்து, தரைவழியே எங்களிடம் வருகிறது. இதைத்தான் கச்சான் என்கிறோம். உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சாரம் அரை மணித்தியாலத்தில் முறுகிப்போகும். பின்னேரம் கடற்காற்று எதிரே வந்து முட்டும். எது எப்போது வெல்லும் என்பது நாளுக்கு நாள் மாறும். மாரியில் வாடை நேரே கடலிலிருந்து வரும். அது வேறு சாதிக் காற்று. இவையெல்லாவற்றுக்கும் ஓர் அடுக்கெண் என்றால் எப்படி?

மாமா அதிகாலை மூன்று மணிக்கு முற்றத்துக்கு வருவார். வாயில் வெற்றிலை. கையை நீட்டிப் பார்க்கமாட்டார், விரலை நனைத்தும் பார்க்கமாட்டார். நிமிர்ந்து பனந்தலையைப் பார்த்துக் காது கொடுப்பார். முற்றத்தில் ஓர் இலை அசையாது. சாம்பல் வாளியில் சாம்பல் அப்படியே இருக்கும். மேலே ஓலைகள் சரசரவென்று உரசிக்கொண்டிருக்கும். "கீழ செத்துக் கிடக்கு, மேல ஓடுது. விடிய இறங்கும்," என்பார். பெரும்பாலும் ஏழெட்டு மணிக்கு இறங்கிவிடும். இரவில் தரை குளிர்ந்து, அதையொட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போக, மேலே ஓடுகிற காற்று கீழே உரசாமல் வழுக்கிக்கொண்டு தன்பாட்டில் வேகமெடுக்கும். வெயில் ஏறிக் கலக்கினதும் அது கீழே வரும். இதை நான் பிறகு பாடமாகப் படித்தேன். படிக்கும்போது அந்தச் சாம்பல் வாளிதான் கண்ணுக்குள் நின்றது.

கடலில் பனை இல்லை. அங்கே அந்த "மேல ஓடுறதை" பார்க்க முன்பெல்லாம் கம்பம்தான் நட்டார்கள். ஜெர்மனியின் போர்க்கும் தீவுக்கு வடக்கே 45 கிலோமீற்றர் தள்ளி, 2003 இல் நட்ட ஃபினோ-1 கம்பம் நூறு மீற்றர் உயரம். அது போதாமல் போகிற அளவுக்குக் காற்றாலைகள் வளர்ந்துவிட்டன. ஆழம் கூடக்கூடக் கம்பத்தின் செலவும் ஏறிக்கொண்டே போகும். இருநூறு மீற்றர் ஆழத்தில் கம்பம் நடுகிற பேச்சே இல்லை. அப்படித்தான் மிதவையில் லிடாரை ஏற்றுகிற யோசனை வந்தது.

லிடார் என்பது மேலே பார்த்து லேசர் அடிக்கிற ஒரு பெட்டி. ஒளிக்குக் காற்று தெரியாது. காற்றோடு போகிற தூசியும் உப்புத்துகளும்தான் தெரியும். அவற்றில் பட்டுத் திரும்புகிற சொட்டு ஒளியில் நிறம் மிக நுண்ணளவில் மாறியிருக்கும். நிலாவெளி வீதியில் ஹோர்னை அமத்திப் பிடித்தபடி வருகிற பஸ் எங்களைக் கடந்ததும் சத்தம் சட்டென்று தாழுமே, அதே சங்கதி. மாற்றம் எவ்வளவு என்றால்: வழமையான 1.55 மைக்ரோமீற்றர் லேசரின் அதிர்வெண் பத்தொன்பது கோடி மெகாஹேட்ஸுக்கு மேல். செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் போகும் தூசி அதில் ஏற்படுத்துகிற வித்தியாசம் வெறும் 1.3 மெகாஹேட்ஸ். இதை எப்படிப் பிடிப்பது? திரும்பி வந்த ஒளியைப் புறப்பட்ட ஒளியோடு சேர்த்துவிடுவார்கள். இரண்டு நாதஸ்வரம் மயிரிழை சுருதி விலகி ஊதினால் நடுவில் "வ்வோம் வ்வோம்" என்று ஒரு துடிப்புக் கேட்கும். அந்தத் துடிப்பை எண்ணினால் விலகல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கோணேசர் கோயில் திருவிழாவில் அதைக் கேட்டவனுக்கு லிடாரின் பாதி விளங்கிவிட்டது.

லேசர் தன் கோட்டின் வழியே வருகிற, போகிற வேகத்தை மட்டுமே அறியும். அதனால் நேர்மேலே அடிக்காமல் சாய்த்து, கூம்புபோலச் சுற்றி அடித்து, எல்லாத் திசையிலும் பார்த்து, மொத்தக் காற்றையும் கட்டி எழுப்புகிறது. எனக்கு இதில் பிடித்த ஒரு குறைபாடு உண்டு. தொடர்ச்சியாக ஒளி விடுகிற வகை லிடார் ஒன்றுக்கு, வேகம் எவ்வளவு என்று நன்றாகத் தெரியும். வடக்கேயிருந்து தெற்கே போகிறதா, தெற்கேயிருந்து வடக்கே போகிறதா என்பது மட்டும் தெரியாது. வாடையா சோளகமா என்று தெரியாத ஒருவன் திருக்கடலூரில் ஒரு நாள் தொழில் செய்ய முடியுமா? ஆகவே தன் பக்கத்தில் கம்பத்தில் இருக்கிற ஒரு சின்ன, மலிவான காற்றுமானியிடம் அது கேட்டுக்கொள்கிறது. அந்தச் சின்னதில் காகமோ நீர்க்காகமோ குந்திவிட்டால் என் மேசைக்கு வருகிற திசைகள் 180 பாகை திரும்பிக் கிடக்கும். என் சம்பளத்தின் ஒரு பகுதி இப்படிப்பட்ட பறவைகள் தருவது.

மிதவை ஆடுமே, அளவு கெடாதா என்று எல்லோரும் கேட்பார்கள். கெடும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. முன்னே சாய்ந்தது பின்னேயும் சாயும். பத்து நிமிடச் சராசரி எடுத்தால் பெரும்பகுதி கழிந்துவிடும். மிதவை தன்னைத்தானே சுற்றிக்கொள்வது மட்டும் கழியாது. அதற்குத் திசைகாட்டி வைத்துத் திருத்த வேண்டும். காற்றின் குலுக்கத்தை அளப்பதில்தான் தொல்லை: அலையின் குலுக்கமும் அதோடு சேர்ந்து, இல்லாத கொந்தளிப்பை இருப்பதாகக் காட்டும். இதனால் எந்த மிதவையையும் முதலில் நிலையான கம்பத்துக்கோ நிலையான லிடாருக்கோ பக்கத்தில் மாதக்கணக்கில் மிதக்கவிட்டுச் சோதிப்பார்கள். பிரித்தானியாவின் கார்பன் டிரஸ்ட் 2013 இல் இதற்கு ஒரு படிமுறை வகுத்தது. சராசரி வேகம் இரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நல்ல மிதவை.

மின்சாரம் இன்னொரு கதை. லிடார் பெட்டி ஒரு பழைய குண்டு பல்ப் அளவுக்குத்தான் மின்சாரம் கேட்கும். ஆனால் வருடம் முழுக்க, இரவும் பகலும், ஆளில்லாமல் எரியவேண்டும். சோலார் தகடு, சிறு காற்றாடி, சிலவற்றில் மெதனோலில் ஓடும் எரிபொருட்கலம், அடியில் பற்றரி வரிசை. தகடுகளில் பறவை எச்சம், உடம்பில் பாசி, சிப்பி. 2020 இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களம் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் இரண்டு மிதவைகளை விட்டது, அறுநூறு மீற்றருக்கும் ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழங்களில். ஹம்போல்ட்டில் நின்றது அந்த டிசம்பர் கடைசியில் பெரிய அலையொன்றில் மின்வழங்கல் பழுதாகி ஊமையானது. மறுபடி பேசியது 2021 மே மாதம். தரவுகள் எல்லோருக்கும் திறந்தே கிடக்கின்றன. வரைந்து பார்த்தால் நடுவில் அந்த வெற்றிடம், பல் விழுந்த வாய் மாதிரி. குளிர்காலம் முழுதும் போய்விட்டது. எங்கள் கடலில் அதே ஐந்து மாதம் போனால் வாடைக்காலமே கணக்கில் இல்லாமல் போகும். வருடம் முழுதும் அளக்கவேண்டும் என்று ஏன் அடித்துச் சொல்கிறார்கள் என்பது கொண்டலையும் கச்சானையும் அறிந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

திருகோணமலைக்கு இது வருமா? உடனே வரும் என்று நான் நம்பவில்லை. மன்னாரில் தரையில் முப்பது காற்றாலைகளோடு நூறு மெகாவாற் பண்ணை 2020 டிசம்பரிலிருந்து நிற்கிறது. கடலுக்குள் போவதென்றாலும் முதலில் அந்தப் பக்கத்து ஆழங்குறைந்த கடலுக்குத்தான் போவார்கள். இந்தியா 2017 இல் காம்பே வளைகுடாவில், பீபாவாவ் துறைமுகத்துக்கு 23 கிலோமீற்றர் தள்ளி லிடார் வைத்ததும் அடியில் ஊன்றிய மேடையில்தான். எங்களிடம் கொட்டியாரக்குடாவின் வாயிலேயே கடலடிப் பள்ளத்தாக்குத் தொடங்கிவிடுகிறது. கப்பல்களுக்கு வரமாக இருந்த அதே ஆழம், தூண் நடுகிறவனுக்குச் சாபம். இங்கே காற்றாலை வந்தால் அதுவும் மிதக்கிறதாக இருக்கவேண்டும், அதற்கு முன்பு வந்து காற்றுப் பார்க்கிறதும் மிதக்கிறதாக இருக்கவேண்டும். வருகிற அன்று அது கரைக்கு வந்து யாரிடமும் கேட்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அதனால்தான் போன மாதம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மாமாவிடம் போனேன். வாடி இப்போது இல்லை. வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரை. முழங்கால் ஏலாது, கடலுக்குப் போவதில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேரமெடுத்துப் பார்த்தார்.

"இதுக்குக் கீழ மீன் நிக்கும்," என்றார் முதலில்.

நிற்கும். மிதக்கிற எதற்குக் கீழும் பாசி பிடிக்கும், பாசிக்குச் சின்ன மீன் வரும், சின்ன மீனுக்குச் சூரையும் பாரையும் வரும். நடுக்கடலில் இரவில் எஞ்சினை நிறுத்திவிட்டு, டீசலை மிச்சம் பிடித்து, அதில் கயிறைப் போட்டுக்கொண்டு தூங்கலாம். பலநாள் கலம் ஒன்று கட்டி இழுத்தால் நங்கூரக் கயிறு அறும், கம்பம் வளையும். உலகம் முழுவதும் கடல் மிதவைகளுக்கு இது பெரிய தலையிடி. இந்திய நிறுவனம் தன் மிதவைகளில் கமரா பூட்டி, ஏறுகிறவர்களின் படங்களைப் பிடித்தது. அறிக்கைகளில் இதற்கு வைத்திருக்கிற பெயர் நாசவேலை. அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்த முகங்கள் மாதிரித்தான் இருந்தன. வெயில், சாரம், தலையில் துவாய். நாசம் செய்யப் புறப்பட்டவன் முகம் ஒன்றிலும் இல்லை.

மாமா அடுத்ததாகக் கேட்டவை என் முதலாளிகள் யாரும் கேட்டிராதவை. சங்கிலி எவ்வளவு தூரம் சுத்தும்? ஆயிரம் மீற்றர் ஆழமென்றால் நூற்றுக்கணக்கான மீற்றர் அலையும் என்றேன். அப்ப இரவு வழிச்சலில மிதக்கவிட்ட வலை அதில போய்ச் சுத்தினா? வலைக்கு ஆர் பொறுப்பு? மிதவையில என்ன எழுதியிருக்கு? ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் என்றேன். தொலைபேசி இலக்கமா? இருக்கலாம். "எடுத்தா ஆர் கதைப்பினம், என்ன பாசையில?"

எனக்குக் கோபம் வந்தது, அவரில் அல்ல. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அந்த மிதவை செய்மதிக்கு எண்களை அனுப்புகிறது: காற்று, அலையுயரம், நீரோட்டம். கடலுக்குப் போகலாமா என்று விடிய மூன்று மணிக்குப் பனையைப் பார்க்கிறவனுக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. எங்கோ ஒரு நாட்டின் கணினிக்குப் போய், என்னைப்போல ஒருவன் துடைத்து, ஒரு வங்கியின் மேசைக்குப் போகிறது. அதே எண்ணைக் கரையிலுள்ள மீனவர் சங்கத்துக்கு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்ப என்ன செலவாகும்? இதை வேலையிடத்துக் கூட்டமொன்றில் ஒருமுறை சொன்னேன். நல்ல யோசனை என்றார்கள். அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.

"ஒண்டு சொல்லு மருமோன்," என்றார் மாமா. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. "இதில லைட் இருக்கோ?"

"இருக்கு மாமா. மஞ்சள் லைட். உலகம் முழுக்க ஒரே கணக்கு. ஐஞ்சுதரம் மின்னும், பிறகு இருட்டு. இருவது செக்கனுக்கு ஒருக்கா அப்பிடி."

அவர் கதிரைக் கையில் விரலால் தட்டினார். ஐந்து தட்டு. நிறுத்தினார். வாய்க்குள் எண்ணினார். மறுபடி ஐந்து.

"ஓம்," என்றார். "அண்டைக்கும் அப்பிடித்தான் மின்னினது."